மண் தடத்தில் மின்சாரம்

(கோவையில் ஒரு நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. முப்பது வருடமாக இருசக்கர வண்டிப் பட்டறை நடத்துகிறேன். இளம் வயசில் ஆர்.எக்ஸ். 100 வண்டியின் மட்கார்டை உயர்த்திக் கட்டி, பட்டன் டயர் மாட்டி, மண் தடப் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறேன். காறை எலும்பு இரண்டு முறை உடைந்ததுதான் அதில் நான் வாங்கிய பெரிய பரிசு. மின்சார டர்ட் பைக் பற்றிப் பேசுங்கள், நல்லதையும் சொல்லுங்கள், கெட்டதையும் சொல்லுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். விற்கிறவரைக் கூப்பிட்டிருந்தால் நல்லது மட்டும் வந்திருக்கும். பெட்ரோல் வாசனையில் வளர்ந்த பந்தயக்காரரைக் கூப்பிட்டிருந்தால் வசவு மட்டும் வந்திருக்கும். மெக்கானிக்குக்கு எந்த வண்டியும் ஒன்றுதான்; எல்லாம் ஒருநாள் பட்டறைக்கு வந்தே தீரும்.

ஒரே நாளில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் என் நண்பருக்குக் கொஞ்சம் தரிசு நிலம் உண்டு. அதில் மேடு பள்ளம் போட்டு ஒரு மண் தடம் அமைத்திருக்கிறார். மூன்று பக்கமும் தென்னந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வண்டி ஓட்டினால் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வேலியோரம் வந்து நிற்பார். மாடு மிரளுது, பால் வைக்கமாட்டேங்குது என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருந்ததால் பத்து மணிக்கு நிறுத்திவிடுவோம். போன கோடையில் ஒரு நண்பர் மின்சார டர்ட் பைக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஆள் மாற்றி ஆள் ஓட்டினோம். வண்டி மேட்டில் ஏறித் தாவும்போது செயின் ஸ்விங் ஆர்மில் தட்டும் சத்தம், டயர் சரளையைக் கிளறும் சத்தம், ஓட்டுகிறவன் மூச்சு வாங்கும் சத்தம். அவ்வளவுதான். தோப்புக்குள் மயில் அகவியது எங்களுக்குக் கேட்டது. பதினோரு மணிவாக்கில் ஆத்தா ஒரு தூக்குப்போசியில் மோர் எடுத்துக்கொண்டு வந்தார். "ஏங் கண்ணு, இன்னைக்கு வண்டி எதும் ஓட்டலையா?" என்று கேட்டார். "காத்தாலயிருந்து ஓடிட்டேதானுங்க ஆத்தா இருக்குது" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பையனை ஓட்டிக் காட்டச் சொன்ன பிறகுதான் நம்பினார்.

அன்று மத்தியானம் வண்டியை மறுபடி சார்ஜ் போட்டு முடித்ததும் இரண்டு பையன்கள் அதை எடுத்துக்கொண்டு இட்டேரி வழியாக மலையடிவாரம் வரை போனார்கள். போகும்போது ஏற்றம், மணல், உற்சாகம் எல்லாம் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டன. திரும்பும் வழியில், தடத்துக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ரிசர்வ் திருப்பியிருக்கலாம், இல்லாவிட்டால் யாரிடமாவது ஒரு பாட்டில் பெட்ரோல் வாங்கியிருக்கலாம். மின்சாரத்தைப் பாட்டிலில் பிடித்துக் கொடுக்க ஆள் கிடையாது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் சித்திரை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆத்தா கொடுத்த மோர் அப்போது தீர்ந்திருந்தது.

இந்த வண்டியின் வரத்தையும் சாபத்தையும் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். காலையில் நடந்தது ஏன் நடந்தது, மத்தியானம் நடந்தது ஏன் நடந்தது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கலிபோர்னியாவில் ஜீரோ மோட்டார்சைக்கிள்ஸ் நிறுவனம் 2006-ல் தொடங்கியது. அதன் ஆரம்பகால வண்டி இலகுவான மண் தட வண்டிதான். ஆஸ்திரியாவின் கே.டி.எம். ஃப்ரீரைடு ஈ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவிலேயே ஆல்டா மோட்டார்ஸ் என்றொரு நிறுவனம் ரெட்ஷிஃப்ட் என்ற மோட்டோகிராஸ் வண்டியைச் செய்தது. பெட்ரோல் வண்டிகளோடு பந்தயத்தில் நிற்கத் தகுதியுள்ள மின்சார வண்டி செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது அதுதான். ஆனால் 2018 அக்டோபரில் ஆல்டா கதவைச் சாத்திவிட்டது. பிறகு 2021 டிசம்பரில் பார்சிலோனாவைச் சேர்ந்த ஸ்டார்க் ஃபியூச்சர், வார்க் என்ற வண்டியை அறிமுகப்படுத்தியது. அன்று சொன்ன கணக்கு 80 குதிரைத்திறன், 110 கிலோ எடை. கைக்கு வந்த வண்டி 118 கிலோ அளவில் இருந்தது.

அந்த 80 குதிரைத்திறன் எவ்வளவு பெரியது என்று புரிய என் பழைய ஆர்.எக்ஸ். 100-ஐப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அது 103 கிலோ, 11 குதிரைத்திறன். ஏறக்குறைய அதே எடையில் ஏழு மடங்கு சக்தி.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2022 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ், ஸ்டார்க் ஃபியூச்சரில் 5 கோடி யூரோ முதலீடு செய்தது. திருவொற்றியூரில் புல்லட் செய்து பெயர் வாங்கிய கம்பெனி, 'டமடம' என்ற சத்தத்தையே அடையாளமாகக் கொண்ட கம்பெனி, சத்தமில்லாத வண்டியில் பணம் போட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் கட்டி விமானத்திலிருந்து இறக்கிய 125 சி.சி. வண்டிக்கு ஃப்ளையிங் ஃப்ளீ என்று பெயர். அதே பெயரைத்தான் ராயல் என்ஃபீல்டு இப்போது தன் மின்சார வண்டி வரிசைக்கு வைத்திருக்கிறது. 2023-ல் மிலான் கண்காட்சியில் மின்சார ஹிமாலயன் ஒன்றையும் சோதனை வண்டியாகக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இனி காலையில் நடந்ததற்கு வருவோம்.

மண் தட விளையாட்டுக்கு உலகம் முழுவதும் முதல் எதிரி அக்கம்பக்கத்துக்காரர்தான். ஊர் வளர்கிறது, வீடு வருகிறது, புகார் போகிறது, தடம் மூடுகிறது. கலிபோர்னியாவில் 1986 முதல் செய்த மண் தட வண்டிகள் 96 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த 96 கூடச் சின்னச் சத்தம் இல்லை. மின்சார வண்டி இந்தப் பிரச்சினையை வேரோடு எடுத்துவிடுகிறது. ஊருக்கு நடுவில், கூரை போட்ட கிடங்குக்குள் கூடத் தடம் போடலாம். உள்ளே ஓட்டினால் புகை கிடையாது, கண் எரியாது. ஆத்தாவின் மாடு பால் கொடுக்கும்.

அடுத்தது, கற்றுக்கொள்ள எளிது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, பாதி ஏற்றத்தில் எஞ்சின் ஆஃப் ஆகும் பயம் இல்லை. பெட்ரோல் எஞ்சின் சுழற்சி ஏறிய பிறகுதான் முழு பலம் கொடுக்கும். மின்மோட்டார் சுழல ஆரம்பிக்கும் கணத்திலேயே இழுக்கும். இது வரமா ஆபத்தா என்றால், கட்டுப்பாடு இருந்தால் வரம். புதிய வண்டிகளில் சக்தியைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரே வண்டியைப் பதினைந்து வயதுப் பையனுக்கு மிதமாகவும் பந்தய வீரருக்கு முழுப் பலத்தோடும் அமைத்துத் தரலாம். எங்கள் காலத்தில் 100 சி.சி.யில் பழகி, 135-க்குப் போய், கடன் வாங்கி 250 வாங்குவோம். இப்போது அந்த மூன்றும் ஒரு மென்பொருளுக்குள் இருக்கின்றன.

மூன்றாவது, உயரம். எஞ்சினுக்கு மூச்சுக் காற்று வேண்டும். லடாக்கின் கர்துங் லா கணவாய் சுமார் 5,350 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே எஞ்சின் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். இங்கிருந்து புல்லட் எடுத்துக்கொண்டு போன பையன்கள் "வண்டி இழுக்கலண்ணா" என்று போன் செய்வது இதனால்தான். மோட்டார் மூச்சு விடுவதில்லை. மலையடிவாரத்தில் கொடுக்கும் பலத்தை உச்சியிலும் கொடுக்கும். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் உச்சி 4,300 மீட்டர். 2013-ல் அங்கே மோட்டார்சைக்கிள் பிரிவில் முதலிடம் பிடித்தது லைட்னிங் என்ற மின்சார வண்டி. ஓட்டியவர் கார்லின் டன். அடுத்து வந்த டுகாட்டியை விட இருபது விநாடிக்கு மேல் முந்தினார். அது தார்ச்சாலைப் பந்தயம்தான், ஆனால் காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே.

நான்காவதாக என் தொழில் பக்கம். 250 சி.சி. மோட்டோகிராஸ் எஞ்சின் என்பது குழந்தை மாதிரி. சில மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஏர் ஃபில்டரைக் கழுவ வேண்டும், சில பத்து மணி நேரம் ஓடினால் பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வேண்டும். மின்சார வண்டியில் இவை எதுவும் இல்லை. செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், டயர், ஷாக் அப்சார்பர் ஆயில் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. செலவும் குறைவு. ஒரு பெரிய மோட்டோகிராஸ் பேட்டரியை முழுதாக நிரப்ப எட்டு யூனிட் அளவு மின்சாரம் ஆகும். அது ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் விலைக்குள் அடங்கும். பெட்ரோல் வண்டியில் ஒரு காலைக்கு நான்கைந்து லிட்டர் போய்விடும். இதைச் சொல்லும்போது என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிறேன் என்று தெரிகிறது. உண்மையை மறைக்க முடியாது.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகு, மத்தியானக் கதைக்கு வருவோம். அதற்கு ஒரு கணக்குப் போட வேண்டும். கல்லூரித் தம்பிகள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மண் தட வண்டியின் டேங்க் ஏழு லிட்டர் என்று வைத்தால் 63 யூனிட். எஞ்சின் அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சூடாகவும் சத்தமாகவும் வீணாக்குகிறது. சக்கரத்துக்கு வந்து சேர்வது 12 யூனிட் போல. இன்றைய முன்னணி மின்சார மோட்டோகிராஸ் வண்டியின் பேட்டரி 7.2 யூனிட். மோட்டார் கெட்டிக்காரன், கொஞ்சம்தான் வீணாக்குவான். சக்கரத்துக்கு ஆறரை யூனிட் வரும். ஆகவே, இவ்வளவு திறமையான மோட்டார் இருந்தும், கையில் இருப்பது பாதி டேங்க்தான். அந்தப் பாதி டேங்கைச் சுமக்கும் பேட்டரி முப்பது கிலோவுக்கு மேல் எடை. ஏழு லிட்டர் பெட்ரோல் ஐந்தேகால் கிலோ. பெட்ரோல் தீரத் தீர வண்டி இலகுவாகும். பேட்டரி காலியானாலும் எடை அப்படியே இருக்கும்.

நிரப்புவதற்கு ஆகும் நேரம் இன்னொரு கணக்கு. பெட்ரோல் கேனைக் கவிழ்த்தால் ஒரு நிமிடம். வீட்டில் ஏ.சி.க்கு வைத்திருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தடத்தில் கரண்ட் கனெக்ஷன் இருக்க வேண்டும். என் நண்பரின் தடத்தில் இருந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை. தோப்பின் இலவச விவசாய கனெக்ஷனிலிருந்து வண்டிக்கு எடுப்பது தப்பு. அதனால் அன்றைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து தடத்திலிருந்து தள்ளி, ஆத்தாவின் தோட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்திருந்தோம். சத்தமில்லாத வண்டிக்குச் சாப்பாடு போட்டது புகை கக்கிக்கொண்டிருந்த அந்த ஜெனரேட்டர். அதை ஆத்தாவிடம் நான் சொல்லவில்லை.

இந்தச் சிரிப்புக்குள் ஒரு பெரிய கேள்வியும் இருக்கிறது. நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஆகவே "புகையில்லா வண்டி" என்று யாராவது சொன்னால், புகை இடம் மாறியிருக்கிறது என்று திருத்திக்கொள்ளுங்கள். மோட்டாரின் திறமையால் கணக்கு இன்னும் மின்சாரத்தின் பக்கம்தான் சாயும். சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடக் கூட அது மேலும் சாயும்.

தூரம் எவ்வளவு பெரிய தடை என்பதை டக்கார் பந்தயம் காட்டுகிறது. மண், மணல், பாறை என்று இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் அது. 2015-ல் நம் சி.எஸ். சந்தோஷ் அதை முழுமையாக ஓடி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-ல் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் வென்றார். அதே 2024-ல் டக்கார் அமைப்பாளர்கள் மின்சாரம், ஹைட்ரஜன் போன்ற மாற்று எரிபொருள் வண்டிகளுக்கு 'மிஷன் 1000' என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். பெயரே விஷயத்தைச் சொல்கிறது. அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோமீட்டர், மொத்தம் 1,000 கிலோமீட்டர். உலகின் மிகக் கடினமான பந்தயத்தை நடத்துகிறவர்களே புதியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான் வைத்திருக்கிறார்கள். அது அவமானம் இல்லை, சரியான அளவுகோல்.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மோட்டாருக்கு மூச்சு முட்டாது என்றேன். ஆனால் பேட்டரிக்குக் கை விறைக்கும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குறையும். அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். கர்துங் லா ஏறுவதில் மின்சார வண்டி கெட்டிக்காரன்தான். ஆனால் அதற்கு முன் லேயில் ஒரு சூடான அறையும் ஒரு பிளக்கும், இறங்கியதும் நுப்ராவில் இன்னொரு பிளக்கும் வேண்டும்.

தீ பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு தொடர்ந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை அரசு கடுமையாக்கியது. அது ரோட்டில் ஓடும் வண்டி. மண் தட வண்டி கல்லில் அடிபடும், தாவி விழும், ஓடையில் முங்கும். அடிபட்ட பேட்டரி அப்போதே எரியாமல் பிறகும் எரியலாம். பெட்ரோல் தீயை அணைக்கும் சின்னச் சிவப்பு உருளை இதற்குப் போதாது. தண்ணீர் நிறைய வேண்டும். பலமாக அடிபட்ட வண்டியை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெட்டவெளியில், வேறு வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். இதை என் பட்டறையில் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வண்டிகள் சிலவற்றில் 350 வோல்ட் டி.சி. ஓடுகிறது. டெஸ்டரை வைத்துக் குத்திப் பார்க்கும் நம் பழக்கம் உயிரைக் கொல்லும். பயிற்சி இல்லாமல் திறக்காதீர்கள். நம் ஐ.டி.ஐ.களில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பிறகு, கம்பெனி செத்துப் போனால் வண்டி என்ன ஆகும்? ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றது. இன்றும் புதுப்பேட்டையில் போய்க் கேட்டால் அதற்கு உதிரி கிடைக்கும். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். மின்சார வண்டியின் மூளை மென்பொருளில் இருக்கிறது. அதை எந்த லேத்தில் கடைவது?

இதற்கு ஓர் உதாரணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. குரூகர் தேசியப் பூங்கா பக்கத்தில் உள்ள தென்னாப்பிரிக்க வனவிலங்குக் கல்லூரியோடு சேர்ந்து, ஸ்வீடனின் கேக் நிறுவனம் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு மின்சார மண் தட வண்டியைக் கொடுத்தது. அருமையான யோசனை. காண்டாமிருகக் கொம்புக்காக வருகிற வேட்டைக்காரன் பெட்ரோல் வண்டிச் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டு ஓடிவிடுவான்; சத்தமில்லாத வண்டி பக்கத்தில் வரும் வரை அவனுக்குத் தெரியாது. காட்டுக்குள் பெட்ரோல் கொண்டுபோகும் பாடும் இல்லை, சூரியத் தகட்டில் சார்ஜ் செய்துகொள்ளலாம். அதே கேக் நிறுவனம் 2024 பிப்ரவரியில் திவாலானது. யோசனை சரியாக இருந்தாலும் கம்பெனி நிற்க வேண்டும் என்று விதி இல்லை. வாங்குகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதற்கு முன் உதிரி எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

இவையெல்லாம் பணத்தாலும் காலத்தாலும் தீரக்கூடிய குறைகள். இன்னொன்று மனுஷனால் வரும் குறை. அதைப் பற்றி இளைஞர்களிடம்தான் பேச வேண்டும்.

சத்தம் இல்லாத வண்டி கையில் கிடைத்ததும் முதலில் தோன்றும் எண்ணம், "இப்போது யாருக்கும் தெரியாமல் எங்கேயும் போகலாம்" என்பது. பிரிட்டனில் இது பெரிய தலைவலி. சீனாவிலிருந்து வரும் இலகுரக மின்சார டர்ட் பைக்குகளை நம்பர் பிளேட் இல்லாமல் ரோட்டிலும் பூங்காவிலும் ஓட்டுகிறார்கள், திருட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள், போலீஸ் பறிமுதல் செய்கிறது. நம் சட்டத்திலும் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் பதிவு தேவையில்லை. டர்ட் பைக் எதுவும் அந்த எல்லைக்குள் வராது.

இங்கே நம் கண்ணுக்கு எதிரே ஆனைமலை இருக்கிறது, நீலகிரி இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்கு 1972-ன் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. எஞ்சின் சத்தம் இல்லை என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. பட்டன் டயர் புல்வெளியைக் கிழிக்கும்போது, மேலே பெட்ரோல் ஓடுகிறதா மின்சாரம் ஓடுகிறதா என்று மண்ணுக்குத் தெரியாது. முதல் கணத்திலேயே முழுப் பலத்தில் சுழலும் சக்கரம் இன்னும் ஆழமாகத்தான் கிழிக்கும். யானை இருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் போவது சாமர்த்தியமும் இல்லை. தூரத்தில் சத்தம் கேட்ட யானை விலகிப் போக வழி இருக்கிறது. திருப்பத்தில் திடீரென்று நேருக்கு நேர் பார்த்த யானைக்கு வேறு வழி இல்லை, நமக்கும் இல்லை.

சரி, வரவையும் செலவையும் சொல்லிவிட்டேன். இந்த வண்டியை வாங்கலாமா வேண்டாமா?

எனக்கு இதைப் புரியவைத்தது மாடு. புல்வெளியில் முளைக்குச்சி அடித்துக் கயிற்றில் மாட்டைக் கட்டுவோம். கயிறு எவ்வளவு நீளமோ அந்த வட்டத்துக்குள் மாடு வயிறாற மேயும். மின்சார டர்ட் பைக்கும் அப்படித்தான். பிளக்தான் முளைக்குச்சி, பேட்டரிதான் கயிறு. கம்பெனி 60 கிலோமீட்டர் ஓடும் என்று சொன்னால் உங்கள் கயிறு 30. போன தூரம் திரும்பி வர வேண்டுமே. மணலும் ஏற்றமும் இருந்தால் அதையும் 20 என்று வையுங்கள். எங்கள் பையன்கள் கயிற்றின் நீளத்தைப் பார்க்காமல் மேயப் போனார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பதில் தானாக வருகிறது. வட்டத்துக்குள் சுற்றும் வேலைகள் எல்லாம் இந்த வண்டிக்குச் சொந்தம். பந்தயத் தடத்தில் அரை மணி ஓட்டம், சிறுவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி சுற்றி வருவது, பெரிய தோப்பில் மோட்டார் போட்டு நிறுத்தப் போய்வருவது, முகாமில் சூரியத் தகடு வைத்துக்கொண்டு வனக்காவலர் ரோந்து போவது. இவற்றில் பெட்ரோல் வண்டி இனி நிற்பதற்குப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. நியூசிலாந்தில் உப்கோ என்ற நிறுவனம் இரண்டு சக்கரத்திலும் மோட்டார் வைத்து விவசாயிகளுக்கென்றே இப்படி ஒரு வண்டி செய்தது. ஆனால் ஓரிடத்தில் புறப்பட்டு வேறிடத்தில் போய்ச் சேரும் பயணத்துக்கு, மலை தாண்டி, பாலைவனம் தாண்டிப் போகிறவனுக்கு, இன்றைக்குப் பெட்ரோல்தான் துணை. நாளைக்கு மாறலாம். வண்டியை நாளைக்காக வாங்க முடியாது.

விலையும் ஒரு கயிறுதான். ஸ்டார்க் வார்க் அறிமுகமானபோது 11,900 யூரோ. வரி போடுவதற்கு முன்பே நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தில் இங்கே ஒரு பயிற்சிப் பள்ளியே நடத்தலாம். நம்பிக்கை தருவது உள்நாட்டு முயற்சிகள். பெங்களூரின் அல்ட்ராவயலட் நிறுவனம் 2025 மார்ச்சில் ஷாக்வேவ் என்ற 120 கிலோ மின்சார வண்டியைக் காட்டியது. ரோட்டிலும் மண்ணிலும் ஓட்டும்படியான வண்டி அது. ஸ்டார்க்கில் ஐஷர் போட்ட முதலீடும் சேர்ந்து என்ன கொண்டுவரப் போகிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். நம்மூர் விலையில் நம்மூர் உதிரியோடு ஒரு வண்டி வந்தால், தென்னந்தோப்பு நடுவே தடம் போட ஆள் வருவார்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். தடம் வைத்திருப்பவர்களுக்கு: முதலில் முறையான மின் இணைப்பு வாங்குங்கள், ஜெனரேட்டரை நம்பாதீர்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு வண்டியை ஓட்டிக் காட்டுங்கள். இளைஞர்களுக்கு: சத்தம் இல்லை என்பதற்காகக் காட்டுக்குள் போகாதீர்கள். ஒருவன் போய் மாட்டினால் எல்லோருக்கும் தடை வரும். இந்த வண்டிக்குக் கிடைத்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும்.

எங்கள் நண்பர் போன மாதம் தடத்துக்குத் தனி மீட்டர் வாங்கிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை ஓட்டுகிறோம். ஆத்தாவின் பேத்தி வேலியில் சாய்ந்துகொண்டு, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் ஆரம்பிக்கப் போகிறோம்.